'டமார்' சத்தம் கேட்குது... வசனம் மட்டும் புரியலையா? காது மந்தமானவர்கள் தியேட்டரில் படம் பார்ப்பது எப்படி?

சென்னை:

தியேட்டரில் குண்டு வெடித்தால் நெஞ்சே அதிருது. ஆனால் ஹீரோ என்ன பேசினார் என்பது மட்டும் புரிய மாட்டேங்குது. "என்னப்பா சொன்னான்?" என்று பக்கத்து சீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.

விசைத்தறி, லேத் பட்டறை, பாய்லர், பஸ் என்ஜின் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. முதலில் "தியேட்டர்காரன் சவுண்டை சரியா வைக்கலை" என்று திட்டுவார்கள். நாலு தடவை இப்படி ஆனதும், "நீங்க போயிட்டு வாங்க" என்று குடும்பத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

கோளாறு பல நேரம் ஸ்பீக்கரில் இல்லை, காதில் இருக்கிறது. அதற்காக படம் பார்ப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. விஷயம் புரிந்தால் வழி இருக்கிறது.

சுற்றி வரும் சத்தம்

1995-ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவையும், 1996-ல் வந்த 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். சத்தத்தையும் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தின. 2012-ல் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸ் முறையில் வெளியானது.

சாதாரண 5.1 முறையில் திரைக்குப் பின்னால் இடது, நடு, வலது என 3 பக்க ஸ்பீக்கர்கள். சுவர்களில் இடதும் வலதும் 2. 'தும் தும்' என்று அதிரும் சத்தத்துக்கு தனியாக ஒன்று. அட்மாஸ் தியேட்டரில் கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும். ஆனால் எந்த முறையாக இருந்தாலும் வசனம் பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில்தான்.

முதலில் போவது மெல்லிய சத்தம்

உள்காதில் நத்தைக்கூடு போல ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15 ஆயிரம் மயிரிழை செல்கள். ஓயாத சத்தத்தில் இவை ஒவ்வொன்றாக செத்துப்போகும். திரும்ப முளைக்காது. 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் கேட்டால் ஆபத்து என்கிறார்கள் நிபுணர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அந்த அளவை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் அடிபடுவது 4 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கீச்சுச் சத்தங்களைப் பிடிக்கும் செல்கள். அ, ஆ, ஓ போன்ற எழுத்துகள் கனமானவை, அவை கேட்கும். க, ச, த, ப போன்றவற்றை பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய சத்தம்தான். அதனால் 'கல்லு' என்றாரா, 'பல்லு' என்றாரா என்று தெரியாது. குண்டுச் சத்தம் கனமானது, அது தப்பாமல் கேட்கும். "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை" என்பதன் ரகசியம் இதுதான்.

எந்தப் பக்கம்?

வலது பக்கம் வரும் சத்தம் வலது காதை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. இடது காதுக்கு தலை மறைப்பதால் அங்கே கொஞ்சம் சன்னமாக கேட்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. ஒரு காது போனால் இந்தக் கணக்கு தப்பிவிடும். எந்தப் பக்கம் வரும் ஹெலிகாப்டரும் நல்ல காது பக்கம் வருவது போலவே இருக்கும்.

சத்தத்தை கூட்டினால் போதாதா? போதாது. காது மந்தமான பலருக்கு சின்ன சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களைப் போலவே கேட்கும். சில நேரம் வலிக்கவும் செய்யும். கூட்டக் கூட்ட வெடிதான் பெரிதாகும், வசனம் தெளியாது.

காது மிஷின்

காது மிஷின்கள் முக்கியமாக பேச்சுக்காக செய்யப்பட்டவை. முன்னால் பேசுபவரை மட்டும் பிடித்து பின்னால் வருவதை குறைக்கும் வசதி பலவற்றில் உண்டு. கடையில் பேரம் பேச அது நல்லது. தியேட்டரில் பின்பக்க சத்தத்தை அது அமுக்கிவிடும். புல்லாங்குழல் நீட்டி வாசித்தால் மிஷினின் விசில் சத்தம் என்று நினைத்து அதையும் நடுங்க வைக்கும்.

இதற்கு 'மியூசிக் புரோகிராம்' என்று தனி செட்டிங் இருக்கிறது. மிஷின் பொருத்துபவரிடம் "சினிமா பார்க்க, பாட்டு கேட்க தனியா ஒரு செட்டிங் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் போதும். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டிலும் மிஷின் வைப்பதுதான் திசை தெரிய உதவும்.

எங்கே உட்காரலாம்?

ஹாலின் நடு வரிசை நல்லது. சுவர் ஓரம் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் வசனத்தை அமுக்கும். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு வேறு கணக்கு. இடது காது கேட்காதவர் ஹாலின் இடது பக்கமாக உட்கார்ந்தால் நல்ல காது ஹாலைப் பார்த்து இருக்கும்.

வீட்டு டி.வி.யில் 'டயலாக்' அல்லது 'வாய்ஸ்' என்ற செட்டிங் இருந்தால் போடலாம். 'நைட் மோடு' வெடியை குறைத்து பேச்சை தூக்கிக் காட்டும். ஹோம் தியேட்டர் இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் கூட்டலாம். ஹெட்போனில் பார்க்கும் ஒற்றைக் காதுக்காரர்கள் செல்போனில் 'மோனோ ஆடியோ' போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து சத்தம் முழுசாக போய்விடும்.

எழுத்திலும் வரும்

கேப்ஷன் என்பது வசனத்தை மட்டும் போடுவதில்லை. 'பின்னால் காலடி சத்தம்', 'தூரத்தில் இடி' என்று சத்தத்தையும் எழுத்தில் சொல்லும். தியேட்டர் படங்களில் இந்த வசதி வர வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது.

பரிசோதனை

காது எவ்வளவு கேட்கிறது என்பதை 'ஆடியோகிராம்' பரிசோதனை காட்டிவிடும். வலி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டை பிரிவில் விசாரிக்கலாம். இரண்டு காதிலும் குறை அதிகமாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச காது மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம். வேலையிடத்து சத்தத்தால் வரும் காது மந்தம் சட்டப்படி தொழில் நோய் என்பதால், இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மெதுவாக வரும் மந்தத்துக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். திடீரென்று ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. உடனே டாக்டரிடம் போனால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பட்டறையில் இன்னும் வேலை பார்ப்பவர்கள் காதில் அடைப்பான் போட்டுக்கொண்டால் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம்.