ஆறு வயதில் கப்பல்: பாசல் மிஷன் பிள்ளைகள்

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது சில ஓடுகளின் பின்பக்கம் ஆங்கில எழுத்தில் பாசல் மிஷன் என்று அச்சு இருப்பதைப் பார்க்கலாம். 1865ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய சுவிட்சர்லாந்து மிஷன் அது. ஓடு, தறி, அச்சகம், ஹெர்மன் குண்டர்ட் தொகுத்த மலையாள அகராதி (1872) என்று அவர்கள் விட்டுப்போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. அவங்க தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்த்தாங்க என்ற கேள்விதான் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. பதில் சுருக்கமானது: பலர் வளர்க்கவில்லை. அனுப்பிவிட்டார்கள்.

பாசல் மிஷன் 1815ல் தொடங்கியது. 1834ல் முதல் மூவர் மங்களூர் வந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருவரை ஒருவர் சகோதரர் என்றுதான் அழைப்பார்கள். வீடு, படி, பயணச் செலவு எல்லாம் மிஷன் கொடுப்பது. கல்யாணம் பண்ணவும் பாசலில் இருந்த கமிட்டியின் அனுமதி வேண்டும். முன்பின் பார்க்காத மாப்பிள்ளையை நம்பிக் கப்பலேறி வந்த மணப்பெண்கள் பலர். (நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) இப்படிக் கல்யாணம் வரை கமிட்டி கையில் இருக்கும்போது, பிள்ளை மட்டும் எப்படிப் பெற்றோரின் சொந்த விஷயமாக இருக்க முடியும்?

1853ல் பாசலில் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம் வந்தது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தனித்தனி விடுதி. அப்போது மிஷனை நடத்தியவர் யோசஃப் யோசென்ஹான்ஸ் என்ற கண்டிப்பான இன்ஸ்பெக்டர். பள்ளி வயதை எட்டும் பிள்ளையை, அதாவது ஆறேழு வயதில், ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது நடைமுறையானது. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869ல்தான். நினைத்தபோது ஓடிப் போய்ப் பார்த்துவர வழியில்லை. அடுத்த சந்திப்பு பல வருஷம் கழித்து. சில பிள்ளைகளுக்கு அது நடக்கவே இல்லை.

ஏன் இப்படி? முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: வெயில், காலரா, காய்ச்சல். மலபார் கரையில் இருந்த மிஷன் கல்லறைகளில் குழந்தைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. இரண்டாவது காரணத்தை நான் அவ்வளவு எளிதாக விடமாட்டேன். ஆயாவின் இடுப்பில் வளரும் குழந்தை முதலில் பேசுவது மலையாளமோ துளுவோ கன்னடமோதான். சமையல்கட்டில் வேலைக்காரர்களோடு உட்கார்ந்து கதை கேட்கும். அது 'அஞ்ஞானிகளின்' பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம். எந்த மக்களைச் சகோதரராக்க வந்தார்களோ, அவர்களோடு தன் குழந்தை ஒட்டிவிடக் கூடாது! மூன்றாவது, அம்மாவின் உழைப்பு. பெண்கள் பள்ளி, தையல் வகுப்பு எல்லாம் மிஷனரி மனைவிகளின் தலையில்தான் ஓடின. பிள்ளை போனால் அந்தக் கைகள் ஊழியத்துக்கு மிச்சம்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு வளர்ப்புக் கொள்கையும் இருந்தது. ஹாலே நகரத்தின் ஃப்ராங்கே காலத்திலிருந்து வந்த பக்தி இயக்க நம்பிக்கை: குழந்தையின் பிடிவாதத்தைச் சிறு வயதிலேயே உடைத்தால்தான் தெய்வ சித்தம் உள்ளே வரும். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்குவும் அந்த ஹாலே வழியில் வந்தவர்தான்.

குண்டர்ட் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இது எத்தனை தலைமுறைக்கு இழுத்தது என்று தெரியும். குண்டர்ட் 1836ல் இந்தியா வந்து முதலில் திருநெல்வேலி, சித்தூர் பக்கம் இருந்தவர். 1838ல் ஜூலி துபுவாவை மணந்தார். அடுத்த வருஷம் தலச்சேரி இல்லிக்குன்னு. மகள் மேரி பிறந்தது 1842ல். 1845ல் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். 1846ல் பெற்றோர் இந்தியா திரும்பியபோது மேரியும் அவள் அண்ணன்களும் அங்கேயே விடப்பட்டார்கள். மேரிக்கு நாலு வயசு. 1853 இல்லம் வருவதற்கு முன்பே வழக்கம் இருந்தது என்பதைக் கவனிக்கணும். விதி பிறகு வந்து அதற்கு முத்திரை குத்தியது, அவ்வளவுதான்.

மேரி மறுபடி இந்தியா வந்தது 1857ல், 15 வயதில். பெற்றோரைக் கடிதத்தில் மட்டும் தெரிந்த பெண். பிறகு மிஷனரி சார்லஸ் ஐசன்பர்க்கை மணந்தாள், 1870ல் விதவையானாள். 1874ல் மங்களூரில் பணியாற்றித் திரும்பியிருந்த யோஹன்னஸ் ஹெஸ்ஸேயை மணந்தாள். 1877ல் பிறந்த மகன்தான் 'சித்தார்த்தா' எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே.

எனக்கு முக்கியமாகப்படுவது இனிமேல்தான். 1881ல் ஹெஸ்ஸே குடும்பம் பாசலுக்கே குடிபோனது. அப்பாவுக்கு மிஷன் வேலை. பையன் துறுதுறு, சொன்ன பேச்சு கேட்கமாட்டான். அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி. இவனை எங்காவது விடுதியில் விடலாமா என்று 1883ல் கடிதம் எழுதுகிறார். 1884ல் பையனை மிஷனின் அதே ஆண்கள் விடுதியில் சேர்த்தார்கள். ஆறு வயசு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. யோசித்துப் பாருங்க: பெற்றோர் அதே ஊரில். வெயில் இல்லை, காலரா இல்லை, ஆயா இல்லை, கடல் இல்லை. விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுகூட அங்கே கிடையாது. நிபந்தனையை அழித்த பிறகும் புரோகிராம் ஓடுகிற மாதிரி. நாலு வயதில் விடப்பட்ட அதே மேரிதான் இப்போது அம்மா.

இதைக் கொடுமைக்காரப் பெற்றோர் கதையாக நான் படிக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த வட்டத்தில் எல்லோரும் செய்தது அது. நெருக்கமான சமூகத்தில் பிள்ளைக்கு நூறு பேர் இருப்பார்கள், உண்மைதான். ஆனால் 'இதை நான் செய்ய மாட்டேன்' என்று ஒரு தாய் சொல்ல வேண்டுமானால் அந்த நூறு பேரையும் எதிர்க்கணும். அவள் குடியிருக்கும் வீடே அவர்களுடையது.

பின்னாளில் வேறு மிஷன்கள் பாதி வழியில் ஒரு தீர்வு கண்டன. 1901ல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் ஹைகிளர்க் பள்ளியைத் தொடங்கினார்கள். விடுதிதான், ஆனால் கடல் தாண்ட வேண்டாம். கோடையில் அம்மா அப்பா மலையேறி வரலாம்.

ஹெஸ்ஸேவை விடுதி விடவில்லை. 1892ல் மவுல்ப்ரோன் மடப்பள்ளியிலிருந்து ஓடிப்போனான். பெற்றோர் பாட் போல், ஷ்டெட்டன் என்று அடுத்தடுத்து நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஷ்டெட்டனிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், முன்பின் தெரியாத பெரிய மனிதருக்கு எழுதுவது போல மரியாதையாக விளித்திருக்கிறான். 1911ல் தாத்தாவும் அம்மாவும் வாழ்ந்த கிழக்கைப் பார்க்கக் கப்பலேறினார். பினாங்கு, சிங்கப்பூர், சுமத்ரா, இலங்கை வரை வந்தார். தலச்சேரி வரை வராமலே திரும்பிவிட்டார்.