எடைக்கு வராத பூ

கீரமங்கலத்தில் பூ என்றாலே கிலோக்கணக்குத்தான். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று சுற்றுவட்டாரக் கொல்லைகளில் பறித்தவை கமிஷன் கடைத் தராசில் ஏறி, வாடுவதற்குள் வெளியூர் போய்விடும். அந்தத் தராசில் தும்பைக்கு இடமில்லை. மடி நிறையப் பறித்தாலும் எடை நிற்காது. நாரில் தொடுக்கக் காம்பும் கிடையாது.

ஐப்பசி மழை செம்மண்ணை நனைத்ததும், கடலைக் கொல்லை வரப்பிலும் தரிசிலும் பாதையோரத்திலும் தானாக முளைக்கும். முழங்காலைத் தாண்டினாலே அதிசயம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள்: நான்கு பட்டை தட்டுப்படும். துளசிக் குடும்பத்தின் அடையாளம் அது.

ஒரு பூவை மட்டும் உருவிக் கண்ணருகே கொண்டுவாருங்கள். இரண்டு உதடுகள். கீழுதடு அகலமாக வெளியே நீண்டிருக்கிறது. தேனீ வந்து உட்காரும் திண்ணை. மேலுதடு வெள்ளைப் பஞ்சு மூடிய சிறு குல்லாய். அதனடியில் நான்கு மகரந்தக் கேசரங்கள் ஒளிந்திருக்கும். அடிக்குழலில் இருக்கும் தேனுக்காகத் தேனீ தலையை நுழைத்தால் மகரந்தம் மேலே ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் சூல்முடி அதை வாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகிற வழியில் இந்தக் குழலை உறிஞ்சாத பிள்ளை உண்டா?

வாசத்துக்காகச் சிவனோடே வாதாடிய நக்கீரருக்குச் சிலை வைத்த ஊர் இது. தும்பையிடம் வாதாடும் அளவுக்கு வாசமில்லை, இருப்பதெல்லாம் வெள்ளைதான். அந்த வெள்ளையும் சாயமல்ல. இதழுக்குள் செல்களுக்கு நடுவே காற்று நிற்கிறது. விழுகிற ஒளி அங்கே பட்டுச் சிதறி எல்லாப் பக்கமும் திரும்புகிறது. இதழைக் கட்டைவிரலால் நசுக்குங்கள். காற்று வெளியேறி, ஈரக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். தும்பைப்பூ வேட்டி என்கிறோமே, அந்த வெளுப்பில் பாதி வெறும் காற்று!

தாவரவியலில் இதன் பெயர் லூக்கஸ் ஆஸ்பெரா. முதற்சொல் கிரேக்கத்தில் வெள்ளையைக் குறிப்பதிலிருந்து வந்தது. அடுத்தது லத்தீனில் சொரசொரப்பு. 1822-இல் லிங்க் என்ற ஜெர்மானியர் முடிவாக வைத்தது. நமக்கு இந்தப் பூ அதற்கும் வெகுகாலம் முன்பே பழக்கம். குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் இருக்கிறது. இரு படைகளும் நேருக்கு நேர் மோதும் போருக்கே தும்பைத்திணை என்று பெயர். வீரன் தலையில் சூடத் தேர்ந்த பூ இத்தனை சிறியதாக இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வெயில் முற்றினால் செடி காய்ந்து போகும். களைக்கொத்துக்குத் தப்பிய ஒன்றின் காய்ந்த புல்லிக்கிண்ணத்தை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். விழுவது பொடிப்பொடியாய் விதை, கிண்ணத்துக்கு நாலு.