நடுங்குவது என்ஜினா, மவுண்டா?

கடன் வசூலிக்கப் போய் காரோடு திரும்பி வந்த வியாபாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023ஆம் ஆண்டில் எனக்குத் தெரிந்த புடைவை வியாபாரி ஒருவருக்கு அதுதான் நடந்தது. இரண்டு வருடமாக இழுபட்ட பாக்கிக்குப் பதிலாக, கடன்காரர் தன் மகன் ஓட்டிய 'மஸ்தா ஆர்.எக்ஸ். 8' காரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

புடைவைக்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? விற்றுக் காசாக்குவதே அவரது எண்ணம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்ததால், ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் அப்போது நல்ல விலை இருந்தது. ஆனால் இந்தக் கார் சிவப்பு விளக்கில் நின்றால் ஆசனம் நடுங்கும், ஸ்டியரிங் நடுங்கும். முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குப் போட்டால் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். கொண்டுபோய்க் காட்டிய கராஜில் பொனட்டைத் திறந்து ஐந்து நிமிடம் காது கொடுத்துவிட்டு, "ஹாஜியார், இது ரொட்டரி என்ஜின். உள்ளே சீல் போய்விட்டது. என்ஜின் மாற்ற வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே ஒருவர் வந்து, இவர் எதிர்பார்த்த விலையில் பாதியைக் கேட்டார். வந்தவருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் மாலை அவர் என் கடைக்கு வந்தார். "நானா, கொடுத்துத் தொலைக்கவா?" என்று கேட்டார். நான் மெக்கானிக் அல்ல, உதிரிப்பாகம் விற்பவன். ஆனாலும் அந்த 'டொக்' என்ற சத்தத்தைப் பற்றிச் சொன்னதும், "தம்பி, இரண்டு நாள் பொறுங்க" என்றேன்.

கராஜ்காரரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் வழமையான பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் 654 சீ.சீ., மொத்தம் 1.3 லீற்றர். ரோட்டரின் சீல்கள் தேய்ந்து கொம்ப்ரஷன் குறைவது இந்த என்ஜினின் பேர்போன வியாதி. பேர் கெட்ட பிள்ளை மீதுதான் எல்லாப் பழியும் விழும். கார் நடுங்கினால் அளந்து பார்க்காமலே 'சீல்' என்று சொல்லிவிடுவார்கள்.

என்ஜின் மவுண்ட் என்பது என்ஜினைத் தாங்கி, அதன் அதிர்வை உடலுக்கு ஏறவிடாமல் தடுக்கும் இறப்பர் துண்டு. ஆர்.எக்ஸ். 8இல் இடமும் வலமுமாக இரண்டே இரண்டுதான். கியர் பொக்ஸுக்குத் தனி மவுண்ட் இல்லை. அதைப் பின்புற டிஃபரென்ஷலுடன் ஒரு நீண்ட சட்டம் இறுகப் பிணைத்திருக்கின்றது. ஆகவே முன்னால் மவுண்ட் தளர்ந்தால், அந்தத் தட்டல் முழு நீளத்துக்கும் போகும். இதனால் கியர் பொக்ஸையும் டிஃபரென்ஷலையும் சந்தேகப்பட்டுக் கழற்றியவர்களும் உண்டு.

இந்த மவுண்டின் உள்ளே திரவமும் அடைக்கப்பட்டுள்ளது. இறப்பர் வெடித்ததும் அது கசிந்து போகும், மவுண்ட் குந்திவிடும், பிறகு இரும்பில் இரும்பு இடிக்கும். ரொட்டரி என்ஜினின் புகைக் குழாய்ச் சூடு சாதாரண கார்களை விட அதிகம். எங்கள் நாட்டு வெயிலும் கொழும்பு நெரிசலும் சேர்ந்தால் அந்தப் பக்கத்து இறப்பருக்கு ஆயுள் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

மருதானைப் பக்கத்தில் வயதான ஒரு பாஸ் இருக்கிறார். அடுத்த நாள் காலையில் காரை அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை. முதலில் என்ஜினை ஓடவிட்டு, சுற்று காட்டும் முள்ளைப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. "என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது, உடம்புதான் ஆடுகிறது" என்றார். இக்னிஷன் கொயில் பழுதானாலும் இந்தக் கார் நடுங்கும். கொயில் நான்கு, பிளக் நான்கு. அவற்றில் ஒன்று போனாலும் இழுவை குறையும், சுற்று தடுமாறும், என்ஜின் எச்சரிக்கை விளக்கு மின்னும். இங்கே அதெல்லாம் இல்லை. அடுத்து, நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி, உடனே ஸ்டார்ட் செய்தார். கொம்ப்ரஷன் போன ரொட்டரி என்ஜின் சூட்டில் ஸ்டார்ட் ஆக மிகவும் மறுக்கும். இது முதல் திருப்பிலேயே பற்றியது. அப்படியும், "விற்கிற கார் என்றால் அளந்து ஒரு தாள் எடுத்து வையுங்கள்" என்றார். சாதாரண பிஸ்டன் மீற்றர் இதற்குச் சரிவராது. ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும்.

அதன் பிறகுதான் மவுண்ட் சோதனை. பையனை உள்ளே இருத்தி, கை பிரேக்கும் கால் பிரேக்கும் பிடிக்கச் சொல்லி, முதலாம் கியரில் கிளச்சை மெல்லக் கடிக்க மட்டும் விட்டார். பிறகு ரிவர்ஸில் அதேபோல. பாஸ் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்தார். இந்தச் சோதனையின்போது காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. என்ஜின் சிறிது அசைவது சகஜம். இது ஒரு பக்கம் துள்ளி எழும்பி, 'டொக்' என்று விழுந்தது. கீழே லைட் அடித்துப் பார்த்தால், புகைக் குழாய்ப் பக்கத்து மவுண்டைச் சுற்றிக் கறுத்த ஈரம், இறப்பரில் விரல் நுழையும் வெடிப்பு, இரும்பு உரசிய இடத்தில் புதுப் பளபளப்பு.

மாற்றும் வேலை அரை நாள்தான். பெட்டரி வயரைக் கழற்றி, காரை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, அடித்தட்டை எடுக்கிறார்கள். ஒயில் சம்ப் நசுங்காமல் இருக்க அகலமான பலகை வைத்து, அதன் கீழ் ஜக் கொடுத்து என்ஜினின் பாரத்தைத் தாங்குகிறார்கள். நட்டுகளைக் கழற்றியதும் மவுண்ட் வெளியே வருமளவுக்கு மட்டுமே உயர்த்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஹோஸும் வயரும் இழுபடும். புதியதை வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் பிடிக்க விட்டு, என்ஜினைக் கீழிறக்கி, பாரம் உட்கார்ந்த பின்னரே டோர்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் இறப்பர் முறுகிய நிலையிலேயே இருந்துவிடும். பிறகு மாதக் கணக்கில்தான் தாங்கும்.

புடைவைக்காரர் ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்டார். கேட்பது நியாயம்தான், காசு அவருடையது. ஆனால் ஒன்று குந்தியிருந்த காலமெல்லாம் மற்றதும் இரட்டிப்புச் சுமை தாங்கியிருக்கின்றது. இரண்டையும் மாற்ற வைத்தோம்.

என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த கழற்றிய மவுண்ட் பாதி விலைக்கும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, லைட் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானே விற்கிறேன். இறப்பர் அப்படியல்ல. ஓடாமல் இராக்கையில் கிடந்தாலும் அது இறுகும், வெடிக்கும். 2012இல் நின்றுபோன காரின் கழற்றிய மவுண்ட் எவ்வளவு இளமையாக இருக்கும்? கலர் இறப்பர் போன்ற 'பொலியூரிதேன்' மவுண்டும் சந்தையில் உண்டு. ரேஸ் ஓடுகிறவர்களுக்கு அது நல்லது. வீட்டுப் பாவனைக்குப் போட்டால், எந்த நடுக்கத்துக்காக வந்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

புதிய இரண்டு மவுண்டும் கூலியும் சேர்த்து, அந்த ஆள் விலையில் குறைத்துக் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை. கொம்ப்ரஷன் அளந்த தாளும் நல்லபடியாகவே வந்தது. அந்தத் தாளையும், கழற்றிய பழைய மவுண்டுகளையும், பில்லையும் காட்டித்தான் அவர் காரை விற்றார். வாங்கியவர் கண்டி பக்கத்து இளைஞர் ஒருவர்; அதிகம் பேரம் பேசவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபோது, "விலை இறங்கிவிடுமோ" என்று அந்த இளைஞர் போனில் கேட்டாராம். இந்தக் கார் இனிப் புதிதாக வரப்போவதில்லை என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

வெடித்த மவுண்ட் இரண்டும் இப்போது என் கடை மேசையில் இருக்கின்றன. "என்ஜின் போயிட்டுது நானா" என்று வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.