பூனையின் மறந்துபோன உறவு

பூனைக் குடும்பத்துக்கு வெளியே பூனைக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால் கீரி என்பார் சிலர், கழுதைப்புலி என்பார் சிலர். புனுகுப்பூனை என்பவர்களே அதிகம் இருப்பார்கள். மூன்றும் தூரத்துச் சொந்தங்கள்தான். அந்த இடம் லின்சாங்குக்கு உரியது. ஒரு கிலோகூடத் தேறாத மெல்லிய உடல், கூர்ந்த முகம், குட்டைக் கால்கள், உடலளவு நீண்ட வளையமிட்ட வால். இரவில் எலி, பறவை, பல்லி, பூச்சி பிடித்துத் தின்னும். இதில் இரண்டே இனங்கள். புள்ளி லின்சாங் நேபாளம், சிக்கிம், அருணாசலம் தொடங்கி வியட்நாம் வரை வாழ்கிறது; பட்டை லின்சாங் மலாய் தீபகற்பத்திலும் சுமத்ரா, ஜாவா, போர்னியோ தீவுகளிலும்.

விலங்கியலாளர்கள் இதை நெடுங்காலம் புனுகுப்பூனைக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ஆப்பிரிக்க லின்சாங் உண்டு. புள்ளித் தோல், ஒல்லி உடல், நீள வால் என்று ஆசிய லின்சாங்கின் உடன்பிறப்பு போலவே இருக்கும். பிலிப் கோபேரும் ஜெரால்டின் வெரோனும் 2003-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு அந்த உறவை அறுத்தது. ஆப்பிரிக்க விலங்கு புனுகுப்பூனைக் குடும்பத்து ஜெனட்டுகளோடு சேர்ந்தது. ஆசிய விலங்கோ பூனைகளோடு சேர்ந்தது, சுமார் 3.3 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றிலிருந்து பிரிந்த தனிக்கிளை.

ஓரிரு மரபணுக்களை நம்பிக் குடும்பத்தையே மாற்றலாமா என்று கேட்பது நியாயம். 2010-ல் 14 மரபணுக்களைக் கொண்டு ஊனுண்ணிகள் முழுவதையும் ஆராய்ந்தபோதும் லின்சாங் பூனைகளின் பக்கமே நின்றது. புனுகுச் சுரப்பியும் இதற்குக் கிடையாது. நகங்களைப் பூனைபோல் உள்ளிழுப்பதைச் சான்றாகக் காட்டத் தோன்றும். ஜெனட்டுகளும் அப்படிச் செய்வதால் அது செல்லாது. அப்படியானால் ஏன் பூனை போல இல்லை? கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கும். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸில் வாழ்ந்த ஆதிப் பூனையான புரோஐலூரஸின் புதைபடிவம் நீண்ட உடலும் குட்டைக் கால்களும் காட்டுகிறது. மாறியவை பெரும்பாலும் பூனைகள். லின்சாங்கும் இத்தனை காலம் தன் வழியில் மாறி வந்ததுதான், ஆகவே பூனைகளின் மூதாதை என்று அதைச் சொல்லக்கூடாது.

இரண்டு இனங்களுமே உடனடி ஆபத்தில் இல்லை என்கிறது சர்வதேசச் செம்பட்டியல். பிறகு கவலை எதற்கு என்பார்கள். அந்தப் பட்டியல் ஒவ்வோர் இனத்தின் அழிவு அபாயத்தை அளக்கிறது, அது சுமக்கும் வரலாற்றின் நீளத்தை அளப்பதில்லை. ஒரு பூனை இனம் அழிந்தாலும் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் மிஞ்சும். இந்த இரண்டும் போனால் ஒரு குடும்பமே இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்காகச் சுமத்ராவிலும் போர்னியோவிலும் வெட்டப்படும் தாழ்நிலக் காடுகள் பட்டை லின்சாங்கின் வாழிடம்.