கையை எடுத்தால் அணையும் அடுப்பு

திருகை அழுத்தித் திருப்பினால் தீப்பற்றுகிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. இல்லத்தரசிகள் பலர் சொல்லும் குறை இது. எரிவாயு தீர்ந்துவிட்டதோ என்று தோம்பை அசைத்துப் பார்ப்பார்கள். பொறுமை இழந்தவர்கள், திருகு மேலே எழும்பாதபடி குச்சியைச் செருகியோ ஒட்டுநாடா சுற்றியோ சமையலை முடித்துவிடுவார்கள். வம்பே அங்குதான்.

பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்புகளில், தீ வளையத்தின் ஓரத்தில் பென்சில் முனைபோல் ஓர் உலோகக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். தாமஸ் சீபெக் 1821இல் கண்டறிந்த உண்மை இது. அடுப்பில் கிடைப்பது ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட். கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியே 1,500 மில்லிவோல்ட் என்றால், இது எம்மாத்திரம்! ஆனாலும் ஒரு சிறு மின்காந்தம் எரிவாயு வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்க இது போதும். மூடிய வால்வை இழுத்துத் திறக்க மட்டும் அதற்குப் பலமில்லை. அதனால்தான் தொடக்கத்தில் சில விநாடிகள் கையால் அழுத்திக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காற்றில் தீ அணைந்தால் காம்பு ஆறும். வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

கஞ்சியோ சாம்பாரோ பொங்கி அந்தக் காம்பில் காய்ந்துவிட்டால் சூடு சரியாக ஏறாது. காம்பு வளைந்து தீயை விட்டு விலகியிருந்தாலும் இதே கதைதான். எரிவாயுவை மூடி, அடுப்பு நன்றாக ஆறியபின், மெல்லிய உப்புத்தாளால் காம்பை இலேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். தீ வளையத்தின் அடைபட்ட துளைகளையும் சுத்தம் செய்யவேண்டும். பிறகும் அணைந்தால் தெர்மோகப்பிளையோ வால்வையோ மாற்ற வேண்டியிருக்கும்.

குச்சி செருகிய வீட்டில் இந்தக் காவல் எதுவும் வேலை செய்யாது. பால் பொங்கித் தீ அணைந்தாலும் எரிவாயு வந்துகொண்டேயிருக்கும். தோம்பு எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஒரு சிறு தீப்பொறி போதாதா?

சிங்கப்பூர் வீடுகளில் குழாய் எரிவாயுவில் இயங்கும் சுடுநீர்க் கருவிகளிலும் இதுபோன்ற தொல்லை உண்டு. தீப்பற்றிய சில விநாடிகளில் கருவி நின்றுவிடும். அவற்றில் பலவற்றில் காவல் முறை வேறு. தீச்சுடர் வழியாகவே மின்சாரம் பாயும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சுடரில் நிற்கும் கம்பி வழியே பாயும் சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தை வைத்தே, தீ எரிகிறதா என்று கருவி அறிகிறது. கம்பியில் கரியோ துருப்படலமோ ஏறினால், பீங்கான் உறையில் விரிசல் விட்டால், நிலத்தொடர்பு தளர்ந்தால் அந்த மின்சாரம் குறையும். எரியும் தீயையே கருவி ‘இல்லை’ என்று எண்ணி எரிவாயுவை நிறுத்திவிடும்.

இந்தக் கருவியை வீட்டில் திறந்து பார்ப்பது கூடாது. பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்; அதற்குமேல் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரை அழைப்பதே முறை. நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் காத்திருக்காமல் கருவியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிடவேண்டும். அப்போது வெளியேறக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.