இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார்: "காட்டில் ஒரே புலியை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டார்களா?"

என் தாத்தா சந்தையில் மாடு பிடிக்கும்போது முதலில் சுழிதான் பார்ப்பார். விற்ற மாடு பல வருடம் கழித்து வேறு சந்தைக்கு வந்தாலும், சுழியை வைத்தே "இது நம்ம வீட்டு மாடு" என்பார். புலிக்கு அந்த அடையாளம் வரி. எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. எனக்குத் தீராத வியப்பு வேறொன்று: ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு! அதனால்தான் காட்டுத் தடத்தின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். நடுவே புலி நடந்தால் இரண்டு விலாவும் ஒருசேரப் பதிவாகும். வரி ரோமத்தோடு நிற்பதில்லை, தோலிலும் உண்டு. கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட தோலைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அது எந்தக் காட்டில் திரிந்த புலி என்றுகூடக் கண்டிருக்கிறார்கள்.

முன்பு காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் அப்படித்தான் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005-இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டை முடித்துவிட்டிருந்தது.

2006-இல் நாடு முழுவதும் 1,411 என்றிருந்த மதிப்பீடு, 2022-இல் 3,682 ஆனது. தமிழ்நாட்டில் 306. மகிழ்ச்சிதான். ஆனால் புலிக்குக் காட்டின் எல்லை தெரியாது. பன்றிக்காக வேலியோரம் வைத்த கம்பிச் சுருக்கில் அது காலை விடுகிறது. காயம்பட்ட காலோடு மானைத் துரத்த முடியாமல் மாட்டை அடிக்கிறது. அடித்த இரையைத் தின்ன மறுபடி வரும் என்பது தெரிந்தே அதில் விஷம் வைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் அப்படித்தான் செத்தன.

மாட்டை இழந்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு பசு போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. இழப்பீடு மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அந்தக் கோபம் விஷமாகத்தான் முடியும். உடனே கொடுக்கும் பணம் வேட்டைத் தடுப்புக் காவலுக்குச் சமம் என்பேன்.

மாணவிக்கு: உங்கள் ஊரில் மாட்டைப் புலி அடித்தால் உடலைத் தொட வேண்டாம், அன்றே வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள், அவர்கள் நேரில் பார்த்து எழுதினால்தான் இழப்பீடு. வேலியோரம் சுருக்கு கண்ணில் பட்டால் வனக்காவலரிடம் இடத்தைக் காட்டுங்கள்.