சுத்தினால் மட்டும் போதுமா?

போன மாதம் நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் புரொப்பெல்லர் கார் நகராமல் நின்றதே, ஞாபகம் இருக்கா? மோட்டார் 'கிர்ர்'ரென்று சுத்துது, கார் மட்டும் நின்ன இடத்திலேயே நிக்குது. "டேய், உன் ஃபிளைட் லேட்டாடா?" என்று கேட்டவர்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தப்பு இதுதான். மெலிசான பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மோட்டார் கம்பியில் தட்டையாகச் செருகிவிட்டேன். சுத்தினால் காத்து வரும், காத்து வந்தால் கார் போகும் என்று நினைப்பு. அறிவியல் சார் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மேலே ஃபேனைப் பாரு, அது றெக்கை இப்படியா தட்டையா இருக்கு?"

ஸ்கேலை மெழுகுவர்த்தியில் லேசாகச் சூடு காட்டி, ஈரத்துணி பிழிவது போல முறுக்கினேன். கார் கிளம்பியது. ஆனால் பின்பக்கமாக! திருப்பி மாட்டினேன், அப்பவும் பின்பக்கம்தான். இன்னொரு ஸ்கேலை எதிர்ப்பக்கம் முறுக்கிய பிறகுதான் நேராக ஓடியது. சாய்வு இல்லைன்னா உந்துதல் இல்லை. சாய்வு மாறினால் உந்தும் திசையே மாறிவிடும். இதற்குப் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

புரொப்பெல்லர் என்பது வட்டமாகச் சுத்துகிற விமான இறக்கைதான். தமிழில் நாம் ஃபேன் பிளேடையும் 'றெக்கை' என்றுதானே சொல்கிறோம்? அது ரொம்பச் சரியான பேர். சாய்வாக இருக்கும் றெக்கை காற்றைப் பின்னால் தள்ளுகிறது. அதன் முன்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது, பின்பக்கம் கூடுகிறது. அந்த வித்தியாசம் விமானத்தை முன்னால் இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இதற்கு உதாரணமாகப் பரீட்சையில் எழுதலாம்.

ரைட் சகோதரர்கள் முதலில் கப்பல் புரொப்பெல்லர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். தேடிப் பார்த்தால் உபயோகமான கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. "இது சுத்தும் இறக்கை" என்று அவர்களே யோசித்து, மரத்தில் செதுக்கினார்கள். சுமார் எட்டரை அடி நீளத்தில் இரண்டு. சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா, எஞ்சினிலிருந்து செயின் போட்டு அவற்றைச் சுத்த வைத்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அது 12 விநாடி பறந்தது.

றெக்கை ஏன் முறுக்கியிருக்கிறது? அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது உள்பக்கம் நிற்பவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான், வெளிப்பக்கம் இருப்பவன் ஓடணும். றெக்கையிலும் நுனிதான் வேகம். அதனால் நுனியில் சாய்வு குறைவாகவும், நடுவுக்குப் பக்கத்தில் அதிகமாகவும் வைப்பார்கள். என் ஸ்கேலில் இது நேர் எதிர். நடு தட்டை, நுனி சாய்வு. அதான் ஓடினாலும் நொண்டி நொண்டி ஓடுச்சு.

நம் நாட்டில் சின்ன ஊர்களுக்கும் போய்வரும் ஏடிஆர்-72 விமானத்தின் புரொப்பெல்லர் விட்டம் 3.93 மீட்டர். கிளம்பும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நுனி விநாடிக்கு 247 மீட்டர் போகிறது! ஒலியின் வேகத்தை (சுமார் 340) நெருங்கினால் சத்தம்தான் கூடும், உந்துதல் கெடும். அதனால் இன்னும் நீளமாக்காமல், றெக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஆறு வைத்திருக்கிறார்கள்.

இனி வகைகள். கோணம் மாறாத புரொப்பெல்லர் கியர் இல்லாத சைக்கிள் மாதிரி. சின்னப் பயிற்சி விமானங்களுக்கு அது போதும். பெரியவற்றில் பறக்கும்போதே றெக்கையின் கோணம் மாறும். மேலே ஏறும்போது ஒரு கோணம், வேகமாகப் போகும்போது ஒரு கோணம். சுற்றும் வேகம் மாறாமல் கோணத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவியும் உண்டு. தரையிறங்கியதும் கோணத்தை எதிர்ப்பக்கம் மாற்றினால் பிரேக் (என் கார் பின்னால் போன கதை!). ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர் எதிரெதிராகச் சுத்துவது இன்னொரு வகை. முதலாவது சுழற்றிவிட்ட காற்றின் சக்தியை இரண்டாவது வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும். நம் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2017 வரை இருந்த டியூ-142 விமானத்தில் நாலு எஞ்சின், எட்டு புரொப்பெல்லர்.

கடைசியாக 'ஃபெதர்'. பறக்கும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், அதன் றெக்கைகள் காற்றை மறித்து விமானத்தைப் பின்னால் இழுக்கும். அதனால் றெக்கையைக் கத்தி முனை போல எதிர்க்காற்றுக்கு நேராகத் திருப்பிவிடுவார்கள். காற்று தடையில்லாமல் போய்விடும். உயிர்காக்கும் ஏற்பாடு இது.

ஆனால் 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தில் பொக்காராவில் இறங்க வந்த ஒரு ஏடிஆர்-72 விழுந்து, அதிலிருந்த 72 பேரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. எஞ்சின்கள் நிற்கவே இல்லை. இறக்கையின் ஃபிளாப்பை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, பக்கத்திலிருந்த வேறு இரண்டு நெம்புகோல்கள் தவறுதலாக நகர்த்தப்பட்டிருக்கின்றன. இரண்டு புரொப்பெல்லரும் ஒரே நேரத்தில் ஃபெதர் நிலைக்குப் போய்விட்டன. எஞ்சின் ஓடுது, உந்துதல் மட்டும் இல்லை. கண்காட்சியில் என் காரைப் பார்த்து நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். அதே விஷயம் ஆகாயத்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

கார் இப்போது ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோர மேசையில் இருக்கிறது. தட்டை, வலப்பக்கம் முறுக்கியது, இடப்பக்கம் முறுக்கியது என்று மூணு ஸ்கேலும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மாட்டிப் பாருங்கள். நாலாவதாக ஒண்ணு செய்ய ஆசை இருந்தால் மெழுகுவர்த்தியை மட்டும் சார் இருக்கும்போது ஏற்றுங்கள். நுனியில் சாய்வைக் குறைக்க எனக்கு இன்னும் வரவில்லை, யாருக்காவது வந்தால் சொல்லுங்க.

– 10 'ஆ' பிரிவு மாணவன்